பழைய காருக்குப் புதிய டயர்: அளவும் வயதும் பொருத்தும் முறையும்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகக் காளஹஸ்திக்குச் செல்லும் 71-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏர்பேடு ஒரு முக்கியச் சந்திப்பு. வெங்கடகிரிச் சாலை இங்கிருந்து பிரிகிறது. பாப்பாநாயுடுபேட்டையையும் குடிமல்லம் சிவன் கோயிலையும் நோக்கிச் செல்வோரும் இப்பக்கமே திரும்புகின்றனர். இரண்டு தலைமுறைகளுக்கு முன் இச்சாலையில் ஓடிய கார்களின் வகைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அம்பாசடர், மக்கள் ஃபியட் என்றே அழைத்த பிரீமியர் பத்மினி, எப்போதாவது, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவற்றோடு மகிந்திரா ஜீப். அவற்றுள் சில இன்றும் இப்பகுதி வீடுகளின் பின்புறக் கொட்டகைகளில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. பேரன் வேலைக்குச் சேர்ந்து சற்றே கையில் பணம் சேர்ந்ததும், தாத்தாவின் வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை குடும்பத்தில் எழுகிறது.

இத்தகைய வண்டிகளுக்குச் செலவு செய்யப்படும் வரிசையை நாம் கவனித்திருக்கிறோம். முதலில் எஞ்சின், பிறகு பெயின்ட், பிறகு இருக்கை உறை, குரோமியப் பூச்சு. டயர் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது கையிருப்பும் கரைந்திருக்கும். "டயரில் கோடு முழுதாக இருக்கிறதே, இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்று யாரேனும் சொல்வார்கள். அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடும். நம் கருத்தில் இவ்வரிசை தலைகீழானது. எஞ்சின் பழுதானால் வண்டி சாலையோரம் நிற்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன் டயர் வெடித்தால், உள்ளே அமர்ந்திருக்கும் ஐவரின் நிலை வேறு. இருக்கைப் பட்டையோ காற்றுப்பையோ இல்லாத காலத்து வண்டி அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

டயரின் பிறந்த தேதி

அன்றாடம் ஓடும் காரின் டயர் தேய்ந்து முடிகிறது. கொட்டகையில் நிற்கும் காரின் டயர் முதுமையால் முடிகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்தால் பாதித் தவறுகள் நேராது. டயர் ரப்பரில் காற்றின் ஓசோனிலிருந்து காக்கும் மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு, வளைந்து, நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்கு கசிந்து வருகின்றன. நின்ற இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும் டயருக்கு அக்காப்பு கிட்டுவதில்லை. பக்கச்சுவரில் மெல்லிய மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன, ரப்பர் இறுகுகிறது, உள்ளே நூலடுக்குக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. வெளியே பள்ளங்கள் எல்லாம் புதிது போலவே இருக்கும்.

ஆகவே டயரைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது அதன் பிறந்த தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு, ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டு, ஆண்டைக் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில் உருவான டயர். மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000-க்கு முற்பட்டது. அதன் மீது மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை. இவ்வெண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடும். வெளிப்பக்கம் காணாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பயன்பாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கொருமுறை தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். உருவாகிப் பத்து ஆண்டுகள் ஆன டயரை, தேய்மானம் இல்லாவிடினும், ஸ்டெப்னியாகவே கிடந்திருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் நிறுவனத்தின் அறிவுரை. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கோடை வெயிலையும் கணக்கில் கொண்டால், பத்து என்பதைக் கடைசி எல்லையாகக் கொள்வதே நலம்.

தேய்மானத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் டயர்ப் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அம்மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் சட்டப்படியும் முடிந்தது. பழைய டயர் விற்கும் சில இடங்களில் மொட்டை டயரில் சூட்டுக்கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, கறுப்பு மெருகு பூசி விற்கும் வழக்கம் உண்டு. அத்தகைய டயரில் அந்த மேடுகள் காணப்படா. பள்ளம் ஆழமாக இருந்தும் மேடு இல்லையெனில் கையை எடுத்துவிட வேண்டும்.

பழைய எண்களைப் படிக்கும் முறை

புதிய டயர் வாங்கக் கடைக்குச் சென்றால் இரண்டு மொழிகள் மோதுகின்றன. 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் உருவான அம்பாசடரின் பழைய டயரில் 5.90-15 என்றிருக்கும். பத்மினியில் 5.20-14. ஹெரால்டில் 5.20-13. ஜீப்பில் 6.00-16. கடைக்காரர் காட்டும் டயரிலோ 185/65 R15 என்றிருக்கும். "எல்லாம் பதினைந்துதான் சார், உட்காரும்" என்பார். உட்காரும் என்பது உண்மையே. பொருந்துமா என்பது வேறு வினா.

பழைய முறையில் முதல் எண், டயரின் அகலம் அங்குலத்தில். இரண்டாம் எண், ரிம்மின் விட்டம் அங்குலத்தில். டயரின் உயரம் எழுதப்படுவதில்லை. அக்காலத்து டயர்களில் உயரம் ஏறத்தாழ அகலத்தின் 95 சதவீதம் என்று கொள்வது கணக்குக்குப் போதும். புதிய முறையில் முதல் எண், அகலம் மில்லிமீட்டரில். சாய்கோட்டுக்குப் பின் வருவது, உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. R என்பது ரேடியல். இறுதி எண், ரிம் விட்டம் அங்குலத்தில். சதவீதம் எழுதப்படாமல் 165 R15 என்று மட்டும் இருந்தால் 80 அல்லது 82 சதவீதம் என்று கொள்ளலாம்.

இனி ஏர்பேட்டுக் கொட்டகையில் நிற்கும் ஓர் அம்பாசடருக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5.90 அங்குலத்தில் 95 சதவீதம் ஏறத்தாழ 5.6 அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, 11.2. அத்துடன் ரிம் 15. மொத்தம் 26.2 அங்குலம், ஏறத்தாழ 666 மில்லிமீட்டர். இதுவே அவ்வண்டியின் சக்கர விட்டம்.

கடைக்காரர் காட்டிய 185/65 R15-ஐ எடுத்துக்கொள்வோம். 185-இல் 65 சதவீதம் 120, இரு மடங்கு 240, ரிம் 381, மொத்தம் 621 மில்லிமீட்டர். வேறுபாடு 45 மில்லிமீட்டர், ஏறத்தாழ 7 சதவீதம். இதன் விளைவு மூன்று வகை. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 75-க்குச் சற்றுக் கீழேதான் ஓடும். அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழலும். வண்டியின் அடிப்பாகம் 22 மில்லிமீட்டர் தாழும். கிராமச் சாலை வேகத்தடையில் புகைக்குழாய் உரசுவதை அப்போது கேட்கலாம். மூன்றாவதே மிகவும் கவலைக்குரியது: 185/65 டயருக்குக் குறைந்தது 5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். அக்காலத்துக் கார்களின் ரிம் குறுகலானது. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இறுக்கப்பட்டு, திருப்பங்களில் வண்டி டயரின் மீதே அசைந்தாடும்.

இப்போது 165/80 R15: விட்டம் 645 மில்லிமீட்டர், வேறுபாடு 3 சதவீதத்தை ஒட்டியது, 4 முதல் 5.5 அங்குலம் வரையுள்ள ரிம்மில் அமரலாம். 175/80 R15 எனில் விட்டம் 661. ஏறத்தாழ அசல் அளவே. ஆனால் ரிம் 4.5 அங்குலமாவது இருக்க வேண்டும். ஆகவே கடைக்குச் செல்லும் முன் நம் வண்டியின் ரிம்மை அளந்துவிட வேண்டும். இரு வெளி விளிம்புகளுக்கு இடையே அளப்பது தவறு. டயர் அமரும் உட்புறச் சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும். பத்மினிக்காரர்களுக்கு இக்கணக்கு எளிது. 5.20-14-இன் விட்டம் ஏறத்தாழ 606 மில்லிமீட்டர். 155/80 R14-இன் விட்டம் 604. ஹெரால்டின் 5.20-13-க்கு 155/80 R13 அவ்வாறே நெருங்கி வருகிறது. பொதுவாக, விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வரும் டயரை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அளவுக்குப் பின்னால் 82S என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். 82 என்பது சுமை எண். அந்த டயர் தாங்கக்கூடியது 475 கிலோ. 79 எனில் 437. 75 எனில் 387. எழுத்து, வேக வரம்பு: S எனில் 180 கிலோமீட்டர், Q எனில் 160. வேகத்தைப் பற்றிப் பழைய காருக்குக் கவலையில்லை. சுமையைப் பற்றி உண்டு. அம்பாசடர் வெறுமையாகவே 1,100 கிலோவுக்கு மேல். ஐந்து பேரும், சீர்வரிசைத் தட்டுகளும், டிக்கியில் பித்தளைப் பாத்திரமும் ஏறினால் பின் சக்கரங்களின் பங்கு நானூறு கிலோவைத் தாண்டிவிடும். 75 என்ற எண்ணுள்ள டயர் அவ்வண்டிக்கு ஆகாது.

நைலானா, ரேடியலா?

கடைவழக்கில் நைலான் டயர் என்று சொல்லப்படுவது, நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து செல்லும் பழைய வகை. ரேடியல் டயரில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் பெரும்பாலும் எஃகுப் பட்டை ஒன்று இருக்கிறது. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்று, 1949 முதல் விற்பனை செய்தது. இந்தியாவில் கார்களுக்கான ரேடியலை ஜே.கே. டயர் 1977-இல் அறிமுகப்படுத்தியது. ஆகவே அம்பாசடரும் பத்மினியும் வடிவமைக்கப்பட்டபோது அவற்றின் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் நைலான் டயரை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டன.

ரேடியல் பொருத்தினால் ஈரச்சாலையில் பிடிப்பு கூடும்; நேர்கோட்டில் வண்டி அலையாமல் ஓடும்; ஆயுளும் கூடுதல். மறுபக்கம், நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்புவது கடினமாகும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பெரியவர் ஒருவர் ஓட்டுகிறார் எனில் இது சிறிய செய்தியன்று. ரேடியல் கூடுதலாகப் பிடிப்பதால் திருப்பத்தில் ரிம்மின் மீது வரும் விசையும் கூடுகிறது. ஐம்பது ஆண்டு பழமையான ரிம்மில் நட்டுத் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ரேடியல் ஏற்றக் கூடாது. ஸ்டியரிங் இணைப்புகளில் தேய்மானம் இருந்தால் ரேடியல் அதை உடனே வெளிக்காட்டிவிடும். குற்றம் டயருடையது என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

கண்காட்சிக்காக அசல் தோற்றத்தைப் பேண விரும்புவோர் நைலானைத் தேடலாம். குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் ஓட்டப்போகிறோம் எனில், ரிம் நல்ல நிலையில் இருக்கும்வரை, சரியான அளவுள்ள ரேடியலே மேல் என்பது நம் முடிவு. எதை எடுத்தாலும் ஒரு விதியை மீறலாகாது: ஒரே அச்சில் இரு வகைகளைக் கலக்கக் கூடாது. இரண்டு ரேடியல் மட்டுமே வாங்க முடிந்தது எனில் அவை பின்னால்தான் செல்ல வேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் இருந்தால், மழைத் திருப்பத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். நான்கையும் ஒன்றாக மாற்ற இயலாதவர்கள் மூன்று மாதம் பொறுத்திருந்து நான்கையும் மாற்றுவதே நல்லது.

எங்கே தேடுவது?

டயர்த் தொழிலின் வரைபடத்தில் நம் வட்டாரம் வெறும் பக்கம் அன்று. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதே பின்னர் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அம்பத்தூரில் டன்லப் ஆலை இருந்தது. அப்பல்லோ டயர்ஸ் 2020-இல் உற்பத்தியைத் தொடங்கிய சின்னபாண்டூர் ஆலை, ஏர்பேடு இருக்கும் அதே திருப்பதி மாவட்டத்தில்தான் உள்ளது. எனினும் இந்த ஆலைகளின் கவனம் இன்றைய வண்டிகளின் மீது. பழைய அளவுகள் கடைகளில் அருகிவிட்டன. எங்கோ கிடங்கின் மூலையில் "புதிய" 5.90-15 கிடைத்தால், விலை பேசும் முன் நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். ஒருமுறையும் ஓடாத, ஒன்பது வயது டயர் புதிய டயர் ஆகாது.

வெளிநாடுகளில் பழைய கார்களுக்கெனவே டயர் செய்கிறார்கள். மிஷலின் நிறுவனத்துக்கு அத்தகைய தனி வரிசை உண்டு. 2009-இல் அப்பல்லோ வாங்கிய நெதர்லாந்தின் ஃப்ரெடஸ்டைன், பழைய தோற்றமும் ரேடியல் உட்கட்டும் கொண்ட ஸ்பிரின்ட் கிளாசிக் என்ற டயரைச் செய்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து தனியார் ஒருவர் நான்கு டயர்களைத் தருவிப்பது எளிதன்று. 2020 ஜூன் மாதத்தில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேலும் 2009-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; கார் டயருக்குரிய தர எண் ஐ.எஸ். 15633. முத்திரை இல்லாத டயரை யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னால், அது எவ்வழியே வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

ஜீப் வைத்திருப்போருக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. 6.00-16 என்ற அளவு இன்றும் எளிதில் கிடைக்கிறது. ஏனெனில் டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் அதே அளவு உண்டு. நெல்லும் கடலையும் விளையும் ஏர்பேட்டுச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் டயர்க்கடைக்குப் பஞ்சமில்லை. அந்த டயர் ஜீப் ரிம்மில் கச்சிதமாக அமரும். ஆனால் நீளவாட்டில் தடித்த வரிகளும் பக்கச்சுவரில் F2 என்ற குறியும் கொண்ட அது, வயலுக்காகச் செய்யப்பட்டது. A6 எழுதியிருந்தால் 30 கிலோமீட்டர், A8 எழுதியிருந்தால் 40 கிலோமீட்டர் வேகமே அதன் எல்லை. நெடுஞ்சாலையில் அறுபதில் ஓட்டினால் அது சூடேறிப் பிளவுபடும். இதைப் போலவே, சிறு சரக்கு வண்டிகளுக்கான, LT என்று குறிக்கப்பட்ட டயர்களும் சில பழைய கார்களின் ரிம்மில் அமர்கின்றன. அவை விறைப்பானவை, அதிகக் காற்றழுத்தத்தில் இயங்குபவை, இலகுவான காரில் பூட்டினால் உடல் குலுங்கும், ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பும் குறையும்.

பொருத்தும் நாள்

சரியான டயரை வாங்கிய பின் தவறான இடத்தில் பொருத்தக் கொடுத்து வீணடிப்பவர்கள் உண்டு. கடைக்காரரின் அருகில் நின்று பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம் வெறுமையாகக் கிடைக்கும். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிடக் கூடாது. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, நட்டுத் துளைகளையும் பற்றவைப்புகளையும் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்த ரிம்மை ஒதுக்கிவிட வேண்டும். பற்றவைத்துச் சரிசெய்த ரிம்மை நாம் நம்புவதில்லை. துரு மேலோட்டமானது எனில் பிரைமரும் பெயின்டும் பூசி, முழுதாக உலர்ந்த பிறகே டயர் ஏற்ற வேண்டும். ஆகவே இவ்வேலையை ஒரே மாலையில் முடிக்கத் திட்டமிட வேண்டாம்.

அடுத்தது ட்யூப். இன்றைய டயர்கள் பெரும்பாலும் ட்யூப் இல்லாதவை. அவற்றுக்கான ரிம்மில், டயர் அமரும் இடத்தை ஒட்டி ஒரு சிறு மேடு ஓடும். காற்று குறைந்தாலும் டயரின் விளிம்பு உள்ளே நழுவாதபடி அது தடுக்கும். பழைய ரிம்களில் அம்மேடு இருப்பதில்லை. ஆகவே டயரில் ட்யூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் பழைய ரிம்மில் ட்யூப் போட்டே ஆக வேண்டும். அந்த ட்யூப் அதே அளவுக்கும் ரேடியலுக்கும் உரியதாக இருக்க வேண்டும். பழைய ட்யூபை ஒட்டுப்போட்டு மீண்டும் உள்ளே தள்ள இடம் தரக் கூடாது. ட்யூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காகிதச் சீட்டு, கூரான வார்ப்பு வரிகள் ஏதேனும் இருந்தால் அவை ட்யூபை அராவிவிடும். கையால் தடவிப் பார்த்து நீக்கச் சொல்ல வேண்டும். உட்புறம் முழுதும் டால்கம் தூள் தூவுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம்; மிக நல்ல பழக்கம். கிரீஸோ பெட்ரோலோ தடவி டயரை ஏற்றுபவரிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிடலாம். அவை ரப்பரை அரிக்கும். சோப்புக் கரைசல் போதும்.

ட்யூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வைக்க வேண்டும். நெம்பும்போது, நெம்பும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால் வலிந்து இழுக்கத் தேவையிராது. வலிமையால் நெம்பும்போதுதான் ட்யூப் கிள்ளப்படுகிறது. டயர் ஏறியபின் காற்று அடித்து, விளிம்பு அமர்ந்ததும், முழுக் காற்றையும் வெளியேற்றிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இந்த இரண்டாம் முறை எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. முதல் முறையில் ட்யூபில் விழுந்த மடிப்பு இதனால் நிமிர்கிறது. மடிப்பை அப்படியே விட்டால் சில நூறு கிலோமீட்டரில் அந்த இடம் கிழியும். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வட்டக்கோடு இருக்கும். அக்கோடும் ரிம் விளிம்பும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தால் டயர் நேராக அமர்ந்திருக்கிறது என்று பொருள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வருமாறு ஏற்றுவது வழக்கம். அதுவே டயரின் எடை குறைந்த இடம்.

வீல் பேலன்சிங்கில் பழைய வண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இன்றைய இயந்திரம், ரிம்மின் நடுத்துளையில் கூம்பைச் செருகிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறது. பழைய ரிம்கள் பலவற்றில் நடுத்துளை நுட்பமாகக் கடையப்பட்டதன்று. சக்கரம் வண்டியில் நட்டுகளால்தான் மையப்படுகிறது. இதனால் இயந்திரத்தில் சரியாக இருக்கும் சக்கரம் வண்டியில் ஏறியதும் அறுபதில் நடுங்கும். நட்டுத் துளைகளைப் பிடித்துச் சுழற்றும் தகடு உள்ள கடையைத் தேடுவதே இதற்கு வழி. திருப்பதியிலோ சென்னையிலோ அத்தகைய கடை அமையுமா என்று பொருத்தும் நாளுக்கு முன்பே தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளலாம்.

நட்டுகளின் சாய்ந்த முகம் ரிம்மை நோக்கி இருக்க வேண்டும். முதலில் கையால் சுற்றி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பின் முழு இறுக்கம் தர வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே வீச்சில் இறுக்குவது பழைய திருகுமரைகளுக்குக் கேடு.

பதிவும் காப்பீடும்

2021 ஜூலை மாதத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளுக்கு மேலான கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் VA என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது என்பதை முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கண்டு, ரேடியல் போட்டால் பதிவு மறுக்கப்படுமோ என்று அஞ்சுவோர் உண்டு. விதி பெயர் சொல்லித் தடுப்பது சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் மாற்றங்களை. டயர் அப்பட்டியலில் இல்லை.

காப்பீட்டில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. வழக்கமான முழுக் காப்பீட்டில், வண்டியும் உடன் சேதமுறாமல் டயர் மட்டும் கெட்டால் இழப்பீடு இல்லை. வண்டியுடன் சேர்ந்து கெட்டாலும் டயருக்கு மாற்றுவிலையில் பாதிதான். வாங்கிய ரசீதில் நான்கு டயர்களின் வரிசை எண்களையும் எழுதி வாங்கி, பதிவுச் சான்றின் நகலோடு வைத்திருந்தால் அந்தப் பாதியாவது தாமதமின்றிக் கிடைக்கும்.

காற்றும் வெயிலும்

ரேடியல் டயர் தரையைத் தொடும் இடத்தில் இயல்பாகவே சற்றுப் பிதுங்கி நிற்கும். நைலானைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காற்று குறைவு போலத் தோன்றும். மேலும் மேலும் அடித்து நடுப்பகுதியை மட்டும் தேய்த்துவிடுவோம். கையேட்டில் நைலானுக்குக் கொடுத்துள்ள அளவைவிட ரேடியலுக்குப் பொதுவாக 2 முதல் 4 பவுண்டு கூடுதல் போதும். அதைக் காலையில், வண்டி ஓடாத நிலையில் பார்க்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு பாகை உயர்ந்தால் டயரின் காற்று ஏறத்தாழ ஒரு பவுண்டு ஏறும். மே மாதப் பிற்பகலில் ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு வரை ஓடி வந்த டயரில் நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. "காற்று அதிகம்" என்று சொல்லி அங்கேயே குறைத்தால், மறுநாள் காலை டயர் காற்றுக் குறைவில் நிற்கும். காற்று குறைந்த டயரே ஓடும்போது மிகவும் சூடேறுகிறது.

வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது எனில் நான்கு பக்கமும் தாங்கி கொடுத்து உயர்த்தி வைத்தால் டயரில் தட்டைத்தழும்பு விழாது. அதற்கு வசதி இல்லாதவர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை குடிமல்லம் வரை ஓட்டித் திரும்பலாம். டயரும் வளைந்து நிமிரும், பேட்டரியும் உயிரோடு இருக்கும். கொட்டகைக்குள் மேற்கு வெயில் விழும் பக்கத்து டயர்களுக்குச் சாக்கு போர்த்துவது எளிய காப்பு. பளபளப்புக்காகப் பூசப்படும் எண்ணெய்க் கலவைகளை நாம் விரும்புவதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

புதிய டயர் பொருத்திய முதல் 100 கிலோமீட்டருக்கு வேகத்தையும் திடீர் பிரேக்கையும் தவிர்க்க வேண்டும். வார்ப்பின்போது மேலே படிந்த வழுக்குப் பூச்சு அதற்குள் தேய்ந்து போகும். அந்தத் தொலைவு முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம் எனில் பூச்சு அமுங்கி நட்டு சற்றே தளர்ந்திருக்கும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் நான்கு இலக்க எண்ணையும் அன்றே பார்த்துவிடலாம்.